கிழமையைச் சொன்னால் போதாது, அளவையும் சொல்ல வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழை பொய்த்த இக்கோடையில் வீட்டுப் புல்தரைகளுக்கு வாரத்தில் இரண்டு நாள்கள் மட்டுமே, அதுவும் கதவு எண் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்பதைப் பொறுத்தே, நீர் பாய்ச்சலாம் என்னும் கட்டுப்பாடு குறித்துத் தங்கள் நாளிதழில் வெளிவந்த செய்தியையும், அதையொட்டி வாசகர்கள் எழுதிய கடிதங்களையும் படித்தேன். கட்டுப்பாடே கூடாது என்று எழுதியவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நீர்த்தேக்கம் வற்றும்போது குடிநீரைப் புல்லுக்கு ஊற்றுவதில் ஒரு வரம்பு இருந்தாக வேண்டும் என்பதில் ஐயத்துக்கே இடமில்லை. என் குறை வேறு. அந்த அறிவிப்பில் கிழமை இருக்கிறது, மணி இருக்கிறது, மீறினால் கட்ட வேண்டிய அபராதம்கூட இருக்கிறது. ஒரு புல்தரைக்கு எவ்வளவு தண்ணீர் விடலாம் என்பது மட்டும் ஓரிடத்திலும் இல்லை.

இதன் விளைவை எங்கள் தெருவில் முதல் வாரத்திலேயே கண்டேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் அதுவரை வாரம் ஒருமுறை, அதுவும் புல் வாடத் தொடங்கினால் மட்டும், அரைமணி நேரம் தண்ணீர் விடும் வழக்கமுடையவர். விதி வந்தபின் தமக்குரிய இரண்டு நாளும் விடியுமுன் தெளிப்பானைத் திறந்துவிட்டு, வெயில் ஏறும்வரை மூடுவதில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "இன்றைக்குத் தவறவிட்டால் இனி நாலு நாள் கழித்துத்தானே நம் முறை வரும்" என்றார். அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. கிழமை குறித்து ஒன்றை உரிமையாகக் கொடுத்துவிட்டால், அதை வீணாக விட யாருக்கும் கை வராது; வேண்டுமோ வேண்டாமோ, முறை வந்த நாளில் குழாயைத் திறந்தே தீருவார்கள். புல்லின் தாகம் நாள்காட்டியைப் பார்த்து வருவதில்லை, ஆனால் நம் விதி நாள்காட்டியைத்தான் பார்க்கிறது.

கிழமைக் கட்டுப்பாடு எதிர்பாராத இடத்திலும் கடிக்கும் என்பதற்கு லாஸ் ஏஞ்சலஸ் நகரம் ஒரு சான்று. 2009-ஆம் ஆண்டுக் கோடையில் அந்நகரம் தெளிப்பான்களைத் திங்கள், வியாழன் ஆகிய இரு நாள்களில் மட்டும் இயக்கலாம் என்று விதித்தது. அதே பருவத்தில் அங்கே பெருங்குழாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன. ஒரு தெருவில் விழுந்த பள்ளத்தில் தீயணைப்பு வண்டியே பாதி அமிழ்ந்து நின்றது. காரணத்தை ஆராய்ந்த வல்லுநர் குழு, ஊர் முழுவதும் ஒரே நாளில் தண்ணீரை இழுப்பதும் மறுநாள் ஒரேயடியாக நிறுத்துவதுமாக இருந்ததால் குழாய்களுக்குள் அழுத்தம் ஏறி இறங்கி, ஏற்கெனவே அரித்துப்போயிருந்த பழைய வார்ப்பிரும்புக் குழாய்கள் அதைத் தாங்கமாட்டாமல் போயின என்று 2010-இல் தெரிவித்தது. பின்னர் அந்நகரம் நாள்களைக் கதவு எண் வாரியாகப் பிரித்துக்கொடுத்தது. நம் அறிவிப்பிலும் அந்தப் பிரிப்பு இருப்பது நல்லதே, குழாய் பிழைக்கும். ஆனால் நீர்த்தேக்கம் பிழைக்குமா என்பது வேறு கேள்வி, ஏனெனில் திங்களன்று பாய்ந்தாலும் செவ்வாயன்று பாய்ந்தாலும் தேக்கத்திலிருந்து குறையும் தண்ணீர் ஒன்றுதான்.

கணக்கு எளியது. ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு மில்லிமீட்டர் உயரம் நிற்கும் தண்ணீர் சரியாக ஒரு லிட்டர். கடுங்கோடையில் பச்சையாகவே இருக்க விரும்பும் புல்தரைக்கு வாரத்துக்கு ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் வேண்டும் என்பது தோட்டக்கலையில் நெடுநாளாகச் சொல்லப்படும் கணக்கு. அப்படியானால் 100 சதுர மீட்டர், அதாவது பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் உள்ள சின்னத் தரைக்கே வாரம் 2,500 லிட்டர் ஆகிறது. 2018-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரம், குழாய்களையே மூடிவிட வேண்டிய நாள் நெருங்கிவிட்டது என்று அஞ்சி, ஒருவர் ஒரு நாளைக்கு 50 லிட்டருக்கு மேல் செலவழிக்கக் கூடாது என்று விதித்தது. குளிப்பது, துவைப்பது, சமைப்பது, குடிப்பது, கழிப்பறை எல்லாம் அதற்குள் அடக்கம். நம் பத்துக்குப் பத்துப் புல்தரையின் ஒரு வாரத் தண்ணீர், அந்தக் கணக்கில் ஐம்பது பேரின் ஒரு நாள் வாழ்க்கை. தோட்டத்து ரப்பர் குழாய் மணிக்கு ஏறத்தாழ 1,000 லிட்டரைக் கொட்டிவிடும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், விதியை மீறாமலேயே ஒருவர் எவ்வளவு தண்ணீரைச் சாக்கடைக்கு அனுப்ப முடியும் என்பது விளங்கும். பக்கத்து வீட்டுப் பெரியவர் விதியை மீறவே இல்லை.

அந்த 50 லிட்டர் கட்டளை பலித்ததற்குக் காரணம், அதில் கிழமையைவிட அளவு முன்னே நின்றதுதான் என்று நான் கருதுகிறேன். கேப் டவுனில் அந்த ஆண்டின் நடுவில் மழையும் கைகொடுத்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. என்றாலும் மழை வரும்வரை நகரைத் தாங்கியது மக்கள் கண்முன் நின்ற ஒற்றை எண். ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரமும் நீண்ட வறட்சியின்போது ஆளுக்கு நாளொன்றுக்கு 155 லிட்டர் என்ற இலக்கை 2008-இல் மக்கள்முன் வைத்தது. கலிபோர்னியாவில் 2015 ஏப்ரல் 1 அன்று ஆளுநர் ஜெர்ரி பிரவுன், அந்தப் பருவத்தில் பனி மூடிக்கிடக்க வேண்டிய சியரா நெவாடா மலைப்பகுதியில், பனியே இல்லாத புல்வெளியில் நின்றுகொண்டு, நகரங்களின் தண்ணீர்ச் செலவு 25 விழுக்காடு குறைய வேண்டும் என்று ஆணையிட்டார். அந்தச் சுமை எல்லார் தலையிலும் ஒரே அளவாக வைக்கப்படவில்லை. ஏற்கெனவே சிக்கனமாக இருந்த ஊர்களுக்கு 8 விழுக்காடு போலவும், வாரி இறைத்த ஊர்களுக்கு 36 விழுக்காடு வரையிலும் குறைக்கச் சொன்னார்கள். மாநிலம் ஏறத்தாழ இலக்கை எட்டியும் விட்டது. நம் விதியிலோ, இருபது சதுர மீட்டர் தரை வைத்திருப்பவருக்கும் ஈராயிரம் சதுர மீட்டர் வைத்திருப்பவருக்கும் அதே இரண்டு நாள்.

வீட்டுக்குள் செலவாகும் தண்ணீரை விட்டுவிட்டுப் புல்லை மட்டும் ஏன் பிடிக்கிறார்கள் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி, இதற்கு விடை தெரிந்தால் கட்டுப்பாட்டின் மீதுள்ள கசப்புப் பாதி குறையும். கழிவுநீர்க் குழாய்கள் உள்ள நகரத்தில், குளியலறையிலும் சமையலறையிலும் செலவான தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. அங்கிருந்து ஆற்றுக்கோ ஏரிக்கோ மறுபயன்பாட்டுக்கோ திரும்ப வழியிருக்கிறது. புல்லில் ஊற்றியது வெயிலுக்கும் காற்றுக்கும் இலைகளுக்கும் போய் ஆவியாகி, நம் ஊர்க் கணக்கிலிருந்தே மறைந்துவிடுகிறது. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், பாலைவனத்தின் நடுவே உள்ள லாஸ் வேகஸ் இதை நன்றாகப் புரிந்துகொண்டது. அங்கே வீட்டுக்குள் செலவாகும் தண்ணீர் ஏறக்குறைய முழுவதும் சுத்திகரிக்கப்பட்டு, அந்நகருக்கே தண்ணீர் தரும் மீட் ஏரிக்குத் திரும்புகிறது. ஆகவே அந்நகரத்தார் குளியல் நேரத்தைவிடப் புல்லைத்தான் குறிவைத்தார்கள். புல்லைப் பெயர்த்துவிட்டு வறட்சி தாங்கும் செடிகளை வைப்பவர்களுக்குப் பணம் கொடுத்தார்கள். ஒவ்வொரு சதுர அடிப் புல்லுக்கும் ஆண்டுக்கு 55 கேலன், அதாவது ஏறத்தாழ 208 லிட்டர் மிச்சமாகிறது என்பது அங்குள்ள நீர் ஆணையத்தின் கணக்கு. 2021-இல் நெவாடா மாநிலம் இன்னும் ஒரு படி மேலே போய், யாரும் கால்வைக்காமல் வெறும் அழகுக்காக வளர்க்கப்படும் புல்லுக்கு 2027 முதல், அந்த ஏரியை நிரப்பும் கொலராடோ ஆற்றின் நீரைத் தருவதில்லை என்று சட்டமே இயற்றியது. சாலை நடுவிலும் அலுவலக வாசலிலும் இருக்கும் புல் அதில் அடங்கும். தனி வீடுகளின் புல் அடங்காது. குழந்தைகள் விளையாடும் புல்லும் எவரும் மிதிக்காத புல்லும் ஒன்றல்ல என்று பிரித்தறிந்த அந்தப் பார்வை எனக்குப் பிடித்திருக்கிறது. நம் அறிவிப்பில் அந்தப் பகுப்பும் இல்லை.

இனி புல்லின் பக்கம் பேசுகிறேன், ஏனென்றால் பலருடைய அச்சம் அங்கேதான் இருக்கிறது. தண்ணீர் இல்லாமல் பழுப்பாகிவிட்ட புல் செத்துவிட்டது என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அது சாகவில்லை, உறங்குகிறது. இலைகளைக் காயவிட்டுவிட்டு, தரையை ஒட்டியிருக்கும் குருத்திலும் மண்ணுக்குள் ஓடும் தண்டிலும் உயிரைப் பிடித்துவைத்துக்கொள்வது புல்லினத்தின் பழைய உத்தி. உலகின் பல வெப்பநாடுகளில் புல்தரையாக வளர்க்கப்படும் பெர்முடா புல் என்பது நம் அருகம்புல்லேதான். 'அருகுபோல் வேரோடி' என்று வாழ்த்தில் அதைச் சேர்த்த முன்னோர், அது காய்ந்து கருகிய பிறகும் ஒரு மழைக்கு முளைத்து வருவதைப் பார்த்திருக்க வேண்டும். குளிர்நாடுகளின் கென்டக்கி புளூகிராஸ் போன்றவையும் நான்கைந்து வாரம் தண்ணீரின்றிப் பழுப்பாகக் கிடந்து, மழை கண்டதும் மீளக்கூடியவை. வறட்சி அதற்கும் மேல் நீண்டால், இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை 12 மில்லிமீட்டர் அளவுக்கு நனைத்தால் குருத்து பிழைத்துக்கொள்ளும். பச்சையாக வைத்திருக்கும் செலவில் நாலில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான் இது. கெடுதல் எது என்றால், பாதி உறங்கவிட்டு, திடீரென்று மனம் கேளாமல் நனைத்து எழுப்பி, மறுபடியும் காயவிடுவது. ஒவ்வொரு எழுப்புதலுக்கும் புல் தன் சேமிப்பைச் செலவிடுகிறது. வாரம் இரண்டு நாள் என்ற விதி, வாடிய புல்லை அரைகுறையாக எழுப்பிக்கொண்டே இருக்க நம்மைத் தூண்டுகிறது என்பது என் ஐயம்.

பழுப்புத் தரைக்கு ஒரு பெருமையும் உண்டு. இங்கிலாந்தில், இன்று சில கற்கள் இல்லாமல் குறைபட்டு நிற்கும் பழங்காலத்து ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டத்தில் 2013 கோடையில் புல்லுக்குத் தண்ணீர் தெளித்த ரப்பர் குழாய் ஒரு பக்கம் எட்டாமல் போக, நனையாத அந்தப் பகுதியில் புல் காய்ந்து, ஒருகாலத்தில் கற்கள் நின்றிருக்கக்கூடிய இடங்கள் தடமாகத் தெரிந்தன. வட்டம் ஒருகாலத்தில் முழுமையாக இருந்திருக்கலாம் என்ற கருத்துக்கு அது வலுச்சேர்த்தது. இன்னும் சற்று நீளமான குழாயாக இருந்திருந்தால் அந்தத் தடம் கண்ணில் பட்டிருக்காது.

ஆனால் பழுப்பாக விடுவதற்கு மனத்துணிவு மட்டும் போதாது, அனுமதியும் வேண்டியிருக்கிறது. என் வீட்டுப் புல்லைச் சென்ற கோடையிலேயே உறங்கவிட்டேன். மூன்றாம் வாரம் குடியிருப்போர் சங்கத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. முன்வாசல் 'பராமரிப்பின்றி' இருப்பதாகவும், பதினைந்து நாள்களுக்குள் சீர்செய்யாவிட்டால் தண்டம் விதிக்கப்படும் என்றும் அதில் கண்டிருந்தது. அதே வாரத்தில் அதே வாசல் கதவில் தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்துமாறு நீர் வழங்குவோரின் துண்டறிக்கையும் செருகப்பட்டிருந்தது. இரண்டையும் அருகருகே வைத்துச் சிரித்துவிட்டு, தண்டத்துக்கு அஞ்சித் தண்ணீர் விட்டேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். கலிபோர்னியா இந்த முரண்பாட்டை 2014-இலேயே சட்டத்தால் தீர்த்தது: வறட்சி நெருக்கடி அறிவிக்கப்பட்டிருக்கும் காலத்தில், புல்லுக்குத் தண்ணீர் விடவில்லை என்பதற்காகக் குடியிருப்புச் சங்கங்கள் எவருக்கும் அபராதம் விதிக்கக் கூடாது. இங்கும் கட்டுப்பாட்டு அறிவிப்பிலேயே அதை ஒரு வரியாகச் சேர்த்துவிடலாம், செலவில்லாத வரி.

தண்ணீர் விட்டே தீர வேண்டும் என்பவர்களுக்கும் அளவு தெரிந்தால் பாதி தண்ணீரில் வேலை முடியும். ஒரே உயரமுள்ள நாலைந்து வெற்றுத் தகர டப்பாக்களைத் தரையில் ஆங்காங்கே வைத்து, பதினைந்து நிமிடம் தெளிப்பானை ஓட்டி, தேங்கியதை அளவுகோலால் அளந்தால், நம் தெளிப்பான் மணிக்கு எத்தனை மில்லிமீட்டர் தருகிறது என்பது தெரிந்துவிடும். நான் அளந்தபோது ஒரு மூலையில் மற்ற இடங்களைப்போல் இருமடங்கு விழுந்திருந்தது. அந்த மூலைதான் ஆண்டுக்கணக்கில் பூஞ்சை பிடித்துக் கிடந்தது. களிமண் தரை மெல்லத்தான் குடிக்கும். ஒரே மூச்சில் ஊற்றினால் மேலே வழிந்து நடைபாதைக்குப் போகும். பத்து நிமிடம் விட்டு, அரைமணி நேரம் ஊறவிட்டு, மறுபடி பத்து நிமிடம் விடுவதே அதற்கு ஏற்றது. விதி குறிப்பிடும் விடியற்காலை நேரம் சரியானதே: காற்று அடங்கியிருக்கும், ஆவியாவது குறைவு, இலை வெயிலில் காய்ந்துவிடும், இரவில் நனைத்தால் ஈரம் விடியும்வரை நின்று நோயை வரவழைக்கும். அன்றாடம் கொஞ்சம் தெளிப்பதைவிட என்றாவது ஒருநாள் ஆழமாக நனைத்தால்தான் வேர் கீழே இறங்கும். புல்லை ஒட்ட வெட்டாமல் சற்று உயரமாக விட்டால் அதன் நிழலே மண்ணைக் காக்கும். மழை பெய்துகொண்டிருக்கும்போதே டைமர் வைத்த தெளிப்பான்கள் கடமை தவறாமல் சுழல்வதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். ஃபுளோரிடாவில் தானியங்கித் தெளிப்பு அமைப்புகளுக்கு மழையை உணர்ந்து நிறுத்தும் கருவி 1991 முதல் சட்டப்படி கட்டாயம்.

மரங்களைப் பற்றி அறிவிப்பு மௌனமாக இருப்பதுதான் எனக்கு மிகுந்த கவலையளிக்கிறது. புல்தரையின் நடுவே வளர்ந்த மரம் புல்லுக்கு விடும் தண்ணீரையே நம்பி, மேலோட்டமாக வேர்விட்டுப் பழகியிருக்கும். புல்லைக் காயவிடும்போது மரத்தையும் சேர்த்தே காயவிடுகிறோம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. காய்ந்த புல் சில வாரங்களில் மீளும். பட்டுப்போன மரத்துக்கு ஈடாக நட்ட கன்று நிழல் தர இருபது முப்பது ஆண்டுகள் ஆகும், அதற்குள் எத்தனை கோடை வந்துபோகும். ஆகவே மரங்களுக்கு, சிறப்பாக நட்டு இரண்டு மூன்று ஆண்டுகளே ஆன கன்றுகளுக்கு, வாளியிலோ சொட்டுக் குழாயிலோ எந்த நாளிலும் தண்ணீர் விடலாம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால், விதிக்கு அஞ்சுபவர்கள் மரத்தைக் கைவிடுவார்கள். அஞ்சாதவர்கள் புல்லை நனைத்துக்கொண்டிருப்பார்கள்.

"குழாய்க் கசிவை அடைக்காத நிர்வாகம் என் புல்லைக் கணக்குப் பார்க்கலாமா?" என்ற கேள்வியும் தங்கள் பக்கங்களில் வந்திருந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 300 கோடி லிட்டர் கசிவில் போகிறது, அங்கும் தோட்டக் குழாய்த் தடை வரும்போதெல்லாம் இதே கோபம் எழுகிறது. கோபம் நியாயமானது. ஆயினும் கசிவு ஆண்டு முழுவதும் ஓடுவது, புல்லுக்கான தேவையோ கோடையின் சில வாரங்களில் ஒரே மூச்சில் எழுவது. சுத்திகரிப்பு நிலையமும் குழாய்களும் திணறுவது அந்த வாரங்களில்தான். கசிவைப் பற்றித் தனியே ஒரு கடிதம் எழுதும் அளவுக்கு என்னிடம் குறைகள் உள்ளன. அதை இதோடு குழப்ப விரும்பவில்லை.

நீர் வழங்குவோரிடம் நான் கேட்பது, இரண்டு நாள் என்பதோடு இந்த வாரம் இத்தனை மில்லிமீட்டர் என்பதையும், அதைத் தரையின் பரப்போடு பெருக்கி வீட்டுக்கு இத்தனை லிட்டர் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்பதே. மீட்டர் ஏற்கெனவே வாசலில் இருக்கிறது. பார்க்கத் தெரிந்தவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அமெரிக்காவின் யூட்டா மாநில நீர்வளத் துறை, வெயிலையும் மழையையும் கணக்கிட்டு, எந்தெந்தப் பகுதியினர் இந்த வாரம் எத்தனை முறை புல்லுக்குத் தண்ணீர் விடலாம் என்று வாரந்தோறும் வழிகாட்டி வெளியிட்டுவருகிறது. சில வாரங்களில் அந்த எண் பூஜ்யம். பூஜ்யம் என்று அச்சில் கண்டால்தான் பலருக்குக் குழாயை மூடத் துணிவு வரும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். தங்கள் நாளிதழின் வானிலைப் பகுதியில் நாள்தோறும் உச்ச வெப்பநிலையும் தாழ்ந்த வெப்பநிலையும், சூரியன் எழும் நேரமும் மறையும் நேரமும் வெளியாகின்றன. அவற்றின் கீழே ஒரு வரிக்கு இடம் இருக்கிறது. சென்ற வாரம் மண்ணிலிருந்தும் இலையிலிருந்தும் எத்தனை மில்லிமீட்டர் ஆவியானது, எத்தனை மில்லிமீட்டர் மழை பெய்தது என்ற இரண்டு எண்களை வானிலை நிலையத்திலிருந்து பெற்று, ஞாயிறுதோறும் அந்த வரியில் அச்சிட்டு உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் தங்கள் நாளிதழை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படிப்பவர்.

தங்கள் உண்மையுள்ள,
வாசகர் ஒருவர்